இருந்த இடம் விட்டு அசையாத புழு

பழைய நுண்ணோக்கி வாங்குகிறவர்கள், பெட்டியின் அடியில் ஏதாவது தாள் கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிடந்தால் எடுத்து வாசிக்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிரசீதா டீச்சர், உங்கள் பள்ளியின் அறிவியல் மன்ற மலருக்காக, பழைய நுண்ணோக்கியோடு பழகத் தொடங்குவது எப்படி என்று நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டீர்கள். வருகிற சனிக்கிழமை தனுவச்சபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கருவியையும் ஒரு மாதத்துக்கு எடுத்துப் போவதாகச் சொன்னீர்கள். இரண்டுக்கும் சம்மதித்துவிட்டேன். கருவி உங்கள் எட்டாம் வகுப்பின் கைக்குப் போனால், பிள்ளைகளில் ஒருத்தி பத்து நிமிடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவாள். அதையே கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அவள் வாயால் நீங்கள் கேட்பதைவிட, என் எழுத்தால் அறிவதுதான் முறை. மலருக்கு ஆகாததை நீங்களே வெட்டிக்கொள்ளலாம்.

நான் முப்பத்தொரு வருடம் தமிழ் வாத்தியார். நரியும் காகமும் பேசும் கதைகளைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவன். அறிவியலில் என் தகுதி, ஆய்வக அறையின் பூட்டுச் சாவியை இரண்டு வருடம் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தது மட்டுமே. ஆனாலும் எங்கள் ஊரில் 'சார்' என்றால் எல்லாம் தெரிந்தவர். கிணறு வெட்ட இடம் பார்க்கவும், ஆங்கிலத்தில் வந்த தந்தியை வாசிக்கவும், பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் என்னிடமே வருவார்கள். தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு வராமலே போனதற்கு ஊரும் ஒரு காரணம்.

கருவி என்னிடம் வந்தது 1993 அக்டோபரில். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு விசுவாசிகள் கொண்டுவரும் காணிக்கைகளை, ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். வாழைக்குலை, சேனைக்கிழங்கு, கால் கட்டிய சேவல் இவற்றுக்கு நடுவே அன்று ஒரு மரப்பெட்டி இருந்தது. எந்தக் காலத்திலோ இருந்த மிஷன் டாக்டர் ஒருவரின் பித்தளை நுண்ணோக்கி. ஒருவன் ஒரு பொருளுக்கு ஆசைப்படுகிறான் என்று தெரிந்தால், பக்கத்து வீட்டுக்காரன் வேண்டுமென்றே கூட்டிக் கேட்டு விலையை ஏற்றிவிடுவது எங்கள் ஏலத்தின் வழக்கம். ஏறுவது கடவுளுக்குத்தானே என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. என் பக்கத்து வீட்டுக்காரன் ராபின்சன். தெரு முக்கில் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தவன். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அவன் மூன்று தரம் ஏற்றிவிட்டு நாலாவது தரம் கையைக் கட்டிக்கொண்டான்.

"சாருக்கு இரிக்கட்டு. சாருக்க கண்ணுக்கு எனக்க கடை போர்டே தெரியாது, இனி இதை வச்சாவது வாசிக்கட்டு" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தேன். பெட்டியின் உள்துணிக்கு அடியில் மடித்த தாள் ஒன்று இருந்ததை விரல் உணர்ந்தது. எடுக்கவில்லை. வினாத்தாளை முழுதாக வாசித்துவிட்டு எழுதத் தொடங்கு என்று முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் காதைத் திருகியவன் நான்.

தொடங்குகிறவர்கள் செய்யும் பிழைகள் அனைத்தையும் வரிசை தவறாமல் செய்தேன். கீழே இருக்கும் கண்ணாடியை வெயிலுக்கே நேராகத் திருப்பி, ஒரு மணி நேரம் வலது கண்ணில் பச்சை நிலாவோடு அலைந்தேன். மேலே கண்ணை வைத்தபடியே குழாயைக் கீழே இறக்கி ஸ்லைடு கண்ணாடியை நொறுக்கினேன். கருங்காடு ஒன்றைக் கண்டு வியந்து, அது என் சொந்த இமைமயிர் என்று மூன்றாம் நாள் அறிந்தேன். என் மனைவி தங்கபாய் அடுக்களையிலிருந்து கேட்டாள்: "இன்னைக்கு என்ன கண்டுபிடிச்சியளோ? நேத்து கண்டது மயிரு."

நவம்பரில் முட்டை கண்டேன். வாழைத்தண்டுச் சாற்றின் ஒரு துளியில், கறுத்த விளிம்போடு, அப்பழுக்கில்லாத வட்டம். ஏதோ நுண்ணுயிர் இட்ட முட்டை. நாலைந்து பேரை அழைத்துக் காட்டினேன். ராபின்சன் குனிந்து பார்த்தான். பிறகு துளிமேல் மூடியிருந்த கண்ணாடிச்சில்லை நகத்தால் மெல்லத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"சாரே, இது குமிளயாக்கும்."

"என்னது?"

"காத்துக் குமிள. எனக்குத் தெரியாதா? விடிஞ்சா பொழுது அடையது வரைக்கும் டியூபை வெள்ளத்தில முக்கி, நான் இதையில்லா தேடிட்டு இரிக்கேன்."

அவன் சொன்னது சரி. மறுநாள் டீக்கடையில் நான் 'முட்டை சார்' ஆனேன். எத்தனையோ விடைத்தாள்களில் முட்டை போட்டவனுக்கு ஊர் திருப்பித் தந்தது ஒன்றே ஒன்றுதான். நியாயமான பங்கு என்று நானே சொல்லிச் சிரித்தேன். அந்தப் பெயருக்காக ராபின்சனை நான் வெறுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் யாரையும் வெறுப்பதில்லை. அது என் இயல்பிலேயே கிடையாது.

இனி அசனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிப்ரவரி கடைசியில் சபை முழுவதும் ஒன்றாய் உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. எங்கள் ஆலயம் பாறைமேல் நிற்பதால் வளாகத்தில் கிணறு இல்லை. ராபின்சனின் தாத்தா காலத்திலிருந்து அசனத்துக்கு நீர் அவர்கள் வீட்டுக் கிணற்றிலிருந்துதான். முதல் குடத்தை அந்த வீட்டு ஆண்மகனே தோளில் சுமந்து வர, மணி அடிக்கும். சபை எழுந்து நிற்கும். பஞ்சர் கடைக்காரன் ஒருவனுக்காக வருடத்தில் ஒருநாள் பெரிய வீட்டுக்காரர்களும் நானும் எழுந்து நின்றோம். அந்த ஒரு நாளுக்காக அவன் மனைவி புஷ்பபாய் அவனுடைய வெள்ளைச் சட்டையை வேறு நாளில் வெளியே எடுக்கவே மாட்டாள்.

1994 பிப்ரவரி முதல் வாரத்தில் ராபின்சன் ஒரு குப்பியில் நீரோடு வந்தான். "எனக்க கெணத்து வெள்ளத்தில முட்டை ஏதும் கிடக்கான்னு பாருங்க சாரே" என்றான். பகடிதான். நான் ஒரு துளியை வைத்துப் பார்த்தேன்.

புழு இருந்தது.

இடப்பக்கம் கீழ் மூலையில், வெளிறிய நூல்போல், கிளை பிரிந்து, இடையிடையே முடிச்சுகளோடு. அதுவரை நான் சாறும் தூளும் அடர்த்தியாகப் பூசியே பார்த்து வந்ததால், தெளிந்த நீரில்தான் அது முதல்முறை கண்ணில் பட்டது. ஸ்லைடை நகர்த்தினேன். நீரில் கிடந்த தூசிகள் ஓடின, புழு ஓடவில்லை. இன்னொரு துளி வைத்தேன். அதிலும் அதே மூலையில் அதே புழு. முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு ஒழுக்கமாக இடம் மாறாமல் இருந்த மாணவனை நான் கண்டதில்லை. அந்த உறுதியைக் கண்டு வியந்தேனே தவிர, சந்தேகப்படவில்லை. ராபின்சனையும் பார்க்கச் சொன்னேன். இந்தமுறை அவன் நகத்தால் தட்டியும் அது அசையவில்லை.

"இது குமிள இல்ல" என்றான் மெதுவாக.

"இல்லை" என்றேன். டீச்சர், அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது என் நாவில் ஊறிய இனிப்பை ஒளிக்காமல் எழுதுகிறேன். மலரில் அதை வெட்டிவிடுங்கள்.

என் சொந்தக் கிணற்று நீரையும் ஒரு துளி வைத்துப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை.

சபைச் செயலர் கனகதாஸ். ரப்பர் ஷீட் வியாபாரி, கண்ணியமானவர், என்மேல் மிகுந்த மதிப்பு வைத்திருந்தவர். அவரிடம் சொல்வது என் கடமை என்று பட்டது. அவர் கருவியில் குனிந்து பார்த்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். "இத்தனை காலமும் இதையா சாரே குடிச்சோம்?" என்றார். அவ்வளவு காலமும் அதைக் குடித்து யாருக்கும் எதுவும் வரவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. வேறு நீருக்கு எங்கே போவது என்று கேட்டார். பாறை உடைத்தெடுத்துவிட்டுக் கைவிட்ட கல்வெட்டுக்குழி ஒன்று ஊருக்கு அப்பால் இருக்கிறது. கோடையிலும் நீலமாக நீர் நிற்கும். அதைச் சொன்னவன் நான். அந்த நீர் தெளிவானது என்றும் சொன்னேன். அதை நான் பார்த்திருந்தேன், பஸ்ஸில் போகும்போது.

அசனத்துக்கு முந்தின நாள் காலையில் ராபின்சன் மறுபடியும் வந்தான். இந்தமுறை குப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"நான் வழக்கு பேச வரல்ல சாரே. எனக்க அப்பனும் அவருக்க அப்பனும் சுமந்த வெள்ளமாக்கும். நாளைக்கு நான் கையை வீசிட்டு அசனத்துக்குப் போனா எனக்க மக ஜீனாக்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஒருக்கா கூடி பாருங்க. இது இன்னைக்குக் காலத்த கோரினது."

"பார்க்கிறேன் மக்கா."

"அந்த முட்டைக் காரியம் நான் சும்மா தமாசுக்குச் சொன்னதாக்கும். அதை மனசில வச்சிருக்கியளா?"

"எதை?" என்றேன்.

அவன் குப்பியை மேசையில் வைத்தான். "சார் பாத்துச் சொன்னா போதும். கனகதாஸ் அண்ணன் கேப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நல்ல வெயில் இருந்தது. வில்லையைத் துடைக்க மெல்லிய துணி ஏதும் இருக்குமா என்று பெட்டியின் உள்துணியைத் தூக்கினேன். தாள் கைக்கு வந்தது. பழுத்துப்போன ஆங்கிலத் தாள். ஏழாவது குறிப்பை மட்டும் தமிழில் தருகிறேன்; பிள்ளைகளுக்குப் பயன்படும். 'காட்சியில் மாசு தெரிந்தால், கண் வைக்கும் வில்லையைக் குழாயிலேயே திருப்புக. மாசும் உடன் சுழன்றால் அது வில்லையில் உள்ளது. பார்க்கும் பொருளில் இல்லை. ஈரமான நாடுகளில் வில்லைக்குள் பூஞ்சை படர்வது வழக்கம். திருகிக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்தால் போகும்.'

திருப்பினேன். புழு கடிகார முள்போல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஸ்லைடை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ராபின்சனின் நீர் மேசையில் கிடந்தது. புழு உள்ளேயே இருந்தது.

"என்ன, மயிரா முட்டையா?" என்று தங்கபாய் கேட்டாள்.

"ஒன்றுமில்லை" என்றேன். அதுவும் சரியான விடைதான்.

உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கனகதாஸ் வீட்டுக்குப் புறப்பட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும், நான் புறப்பட்டேன். டீக்கடை வரை போனேன். பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் மற்றவனிடம், "எலே, முட்டை சார் வாறாரு. தள்ளி இரு, பொரிஞ்சிரும்" என்றான். நான் ஒரு சாயா குடித்தேன். குடிக்கும்போது யோசித்துப் பார்த்தேன். முட்டை என்பது குமிழி. புழு என்பது பூஞ்சை. ஒரே வருடத்தில் ஒரு மனிதன் இரண்டுக்கும் பெயர் வாங்குவது அதிகம். கல்வெட்டுக்குழிக்கு லாரி ஏற்கெனவே போய்விட்டது. ஒருநாள் விருந்துதானே. அடுத்த வாரம், வெயிலில் புழு செத்துவிட்டது, கிணறு சுத்தம் என்று நானே அறிவித்துவிடலாம். அடுத்த வருடம் ராபின்சன் குடத்தைச் சுமக்கட்டும். நானே முதலில் எழுந்து நிற்பேன். எல்லாருக்கும் நல்லதாக முடியும் ஏற்பாடாகவே தோன்றியது. சாயாவை முடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் ராபின்சன் வெள்ளைச் சட்டையோடு, தோளில் குடத்தோடு வந்தான். வாசலில் தடுத்தார்கள். மணி அடிக்கவில்லை. ராபின்சன் ஆலயத்தின் பின்பக்கமாகச் சுற்றித் திரும்பிப் போனான். அவன் பின்பக்கம் போனதைப் பலர் பார்த்தார்கள்.

வேகவைத்த எதனாலும் கெடுதல் வரவில்லை. காய்ச்சாத குழி நீரும் அதில் கலக்கிய மோரும்தான் கெடுத்தன. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. தங்கபாய் போத்தலில் கொடுத்தனுப்பும் சுக்கு வெந்நீரைத் தவிர வெளியே எதுவும் குடிப்பதில்லை. மூன்றாம் நாளுக்குள் இருபத்துமூன்று பேர் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இருபத்திரண்டு பேர் திரும்பி வந்தார்கள். வராதவள் கனகதாஸின் மகள் ஷைனி. ஆறு வயது. என் ஞாயிறு வகுப்பில் முதல் பாயில் உட்காருவாள். கதை முடிந்தபின் 'பின்னே?' என்று கேட்கிற பிள்ளை.

அடக்கம் முடிந்த மறுநாள் கனகதாஸ் வந்தார். கையில் ஒரு மருந்துக்குப்பி. விருந்தில் வைத்திருந்த பீப்பாயின் அடியில் மிஞ்சிய நீர். அவர் முகம் சவரம் செய்யப்படாமல் இருந்தது. குரல் மட்டும் எப்போதும்போல் மரியாதையாக இருந்தது.

"குடத்தைத் திருப்பி அனுப்பினதுக்கு அவன் பின்வழியா வந்து பீப்பாயில அவனுக்க வெள்ளத்தைக் கமத்திட்டான்னு சொல்லுதாங்க. நான் நம்பல்ல. சார் பாத்துச் சொன்னா நம்புதேன்."

நான் துளியை வைத்தேன். வெயில் போதுமானதாக இருந்தது. பார்த்தேன்.

"புழு உண்டா சாரே?"

"உண்டு."

"அதே புழுதானா? அவனுக்க கெணத்தில கண்ட அதே புழு?"

"அதே புழுதான்" என்றேன்.

டீச்சர், நீங்களும் வினாத்தாள் திருத்துகிறவர். கேட்ட வினாவுக்கு மட்டும் விடை எழுது, கேட்காததை எழுதி மதிப்பெண்ணை இழக்காதே என்று நாம்தானே கற்பிக்கிறோம். அதே புழுவா என்பது வினா. அதே புழு என்பது விடை. அந்த விடையில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. புழு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டிருந்தால், ஒருவேளை அதையும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. குப்பியை மூடி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்குக் கைகூப்பிவிட்டு இறங்கினார். அவர் வலப்பக்கம் திரும்பினால் வீடு. இடப்பக்கம் திரும்பினால் முக்கு. இடப்பக்கம் திரும்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அழைத்திருந்தால் கேட்கும் தூரம்தான்.

ராபின்சன் அப்போது டியூபில் துளை தேடிக்கொண்டிருந்தான். வெட்டிய தார் டிரம்மில் நீர் நிறைத்து வைத்திருப்பான், அதன்மேல் குனிந்திருந்தான். கனகதாஸ் பின்னாலிருந்து அவன் கழுத்தைப் பிடித்து நீருக்குள் அழுத்தினார். எதிர்க்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து விலக்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நிறையக் குமிழிகள் வந்தன என்று அவர்கள் சாட்சி சொன்னார்கள். பிறகு வரவில்லை.

நீதிமன்றத்தில் என்னை அழைக்கவில்லை. கனகதாஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் என் அறிவியல் தேவைப்படவில்லை. அவர் சிறையில் இருக்கிறார். அவர் மனைவி மாதத்தில் ஒருநாள் போய்ப் பார்த்துவருகிறாள். சபையார் ராபின்சனின் கிணற்றில் ஏழு லாரி மண் கொட்டினார்கள். புஷ்பபாயும் ஜீனாவும் காட்டாக்கடைப் பக்கம் போய்விட்டார்கள். போகிற அன்று புஷ்பபாய் எங்கள் நடையில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "கடைசிவரைக்கும் அவரு சாரைக் குறை சொல்லல்ல. சார் பாத்தா சரியாத்தான் இரிக்கும், எனக்க கெணத்துக்குத்தான் என்னமோ ஆச்சுன்னு சொன்னாரு" என்றாள். பிறகு வண்டியில் ஏறிப் போனாள். நான் நல்ல ஆசிரியன்தான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அன்று மாலை தங்கபாய் ஒரு டம்ளர் நீரை மேசையில் வைத்தாள். "நம்ம கெணத்து வெள்ளத்தையும் ஒருக்கா பாருங்க" என்றாள். வெளிச்சம் போதாது என்றேன். அதற்குப் பிறகு அவள் என் கண்டுபிடிப்புகளைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. மூன்று வருடமாக இந்த வீட்டில் பகடி இல்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறை.

ஒப்புக்கொள்ள நான் முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. ஞாயிறு வகுப்பில் ஒரு கதை கட்டிச் சொன்னேன். ஒரு நாரையின் கண்ணில் பாசித் துணுக்கு விழுந்துவிட்டது. அது பார்த்த மீன்மேலெல்லாம் கறை தெரிந்தது. முதலில் கண்ட மீனைக் காட்டி, இதற்கு நோய் என்றது. நாரை படித்த பறவை என்பதால் மற்ற மீன்கள் நம்பின. அந்த மீனைக் கொத்தியே கொன்றன. பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். முதல் பாயில் இப்போது வேறொருத்தி உட்காருகிறாள். அவள் கேட்டாள்: "கண்ணில பாசி உண்டுன்னு நாரைக்கு எப்ப தெரிஞ்சு சாரே?" அது கதையில் வராது என்றேன்.

ஆகவே என் குற்றம் இன்னது என்று தெளிவாக எழுதிவிடுகிறேன். பெட்டியின் அடியில் கிடந்த தாளை ஐந்து மாதம் தாமதமாக வாசித்தேன். தொடங்குகிற எவருக்கும் நேரக்கூடிய பிழை அது. அதனால்தான் கட்டுரையின் முதல் வரியாகவே வைத்தேன்.

சனிக்கிழமை வாருங்கள். பித்தளையை மறுபடியும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். கீழ்க்கண்ணாடி, கீழ்வில்லை, திருகு எல்லாம் சுத்தம். கண் வைக்கும் வில்லையை மட்டும் தொடவில்லை. பிள்ளைகளும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணியால் ஒரு துடைப்புப் போதும், எனக்குத் தெரியும். ஆனால் அதைத் துடைத்துவிட்டால், நான் கனகதாஸிடம் சொன்னது பொய்யாகிவிடும்.